ஜாம், ஊறுகாய்ப் போத்தலுக்குக் காற்றுப் புகாத உலோக மூடி: அளவெடுப்பிலிருந்து கடைசிச் சோதனை வரை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விளாம்பழ ஜாம், தேசிக்காய் ஊறுகாய், சீனிச் சம்பல், கூனிச் சம்பல் என்று போத்தலில் அடைத்து விற்கத் தொடங்குபவர்களில் அநேகர் மூடியைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். முதலில் வடிவான போத்தல், பிறகு லேபல், அதற்குப் பிறகு “இதுக்கு ஏத்த மூடி ஒண்டு”. பிழை தொடங்குவது அந்த வரிசையில். மூடியைத் தீர்மானிப்பது உள்ளே போகும் உணவு. அடுத்தது போத்தலின் வாய். தகடும் நிறமும் இவற்றுக்குப் பிறகுதான் வரும்.

தகட்டை அழுத்தி மூடி செய்யும் யந்திரம் நமக்குத் தேவையில்லை. அச்சுகள் தொழிற்சாலைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. எந்த அளவு, எத்தனை நகம் (போத்தலின் புரிக்குக் கீழே போய்ப் பிடிக்கும் மூடி விளிம்பின் மடிப்பு), என்ன உட்பூச்சு, எந்த வொஷர் (மூடியின் உள்விளிம்பில் ஓடும் மென்மையான வளையம்), பட்டன் (வெற்றிடம் பிடித்தால் அமிழும் மூடியின் நடு மேடு) வேண்டுமா, எழுத்து எங்கே விழ வேண்டும் என்பவற்றை எழுத்தில் தீர்மானித்துக் கொடுப்பதுதான் நம் பக்கத்து வடிவமைப்பு வேலை.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வெர்னியர் கலிப்பர், 100 பாகைக்கு மேல் காட்டும் ஊசி வெப்பமானி, பி.எச். மானி (புளிப்பை அளப்பது, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), அதைச் சரிபார்க்கும் பி.எச். 4, 7 கரைசல்கள், அழியாத மை பேனை, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று, மூடியின் உட்பூச்சைச் சோதிக்கக் கொஞ்சம் மயில்துத்தம் (செப்பு சல்பேற்று). மயில்துத்தம் பயிருக்கு மருந்து விற்கும் கடையில் கிடைக்கும். அது நஞ்சு, குசினிக்குள் கொண்டுவர வேண்டாம்.

போத்தலையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். மூடியை ஓடர் பண்ணிவிட்டுப் போத்தல் தேடுகிறவர் ஏதாவது ஒன்றைத் திருப்பி அனுப்ப நேரிடும்.

2. உணவை எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு விடயம்: பி.எச். எவ்வளவு, எண்ணெய் உண்டா, உப்பு கடுமையா, எத்தனை பாகைச் சூட்டில் நிரப்பப் போகிறீர்கள்.

பி.எச். முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. காற்றுப் புகாத மூடி எல்லா உணவையும் காப்பாற்றாது. குளோஸ்திரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியா காற்று இல்லாத இடத்தில்தான் வளர்ந்து நஞ்சு சுரக்கும். பி.எச். 4.6க்கு மேற்பட்ட ஈரமான உணவை நல்ல மூடி போட்டு அடைத்து வெளியே வைத்தால், அதற்கு வேண்டிய இடத்தை நாமே செய்து கொடுத்தவர்கள் ஆகிறோம். மூடி புடைத்தால்தான் ஆபத்து என்று சிலர் நம்புகிறார்கள். புடைக்காமலும் நஞ்சு இருக்கும்.

பி.எச். தாளை 4.0க்குக் கீழே தெளிவாகக் காட்டும் உணவுக்கு மட்டும் நம்பலாம். அதற்கு மேல் மானி கட்டாயம். கத்தரிக்காய் மோஜு போன்றவற்றில் வினாகிரி வெளியே புளிப்பாக இருக்கும். துண்டின் நடுவுக்குப் புளிப்பு இறங்கியிருக்காது. எண்ணெயை வடித்து, துண்டையும் சாற்றையும் சேர்த்து அரைத்து அளவெடுங்கள். மறுநாள் திரும்பவும் அளவெடுங்கள்.

மீன், இறால், இறைச்சி, புளிப்பில்லாத மரக்கறி எதையும் வீட்டுக் கொதிநீர் முறையில் போத்தலில் அடைக்க வேண்டாம். அவற்றுக்கு அழுத்தத்தில் 121 பாகை வரை போகும் யந்திரமும், நேரத்தைக் கணித்துத் தரும் ஆளும் வேண்டும். கூனிச் சம்பல், சீனிச் சம்பல் செய்பவர்கள் பி.எச்சை 4.6க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நீர்ச் செயற்பாடு (நுண்ணுயிர் வளரப் பயன்படும் ஈரத்தின் அளவு) 0.85க்கு மேல் இல்லை என்று ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்த வேண்டும். “எண்ணெய் மேலே நிக்குது, ஒண்டும் செய்யாது” என்பது காரணமாகாது. எண்ணெயும் காற்றைத்தான் மறிக்கிறது.

வறுத்த கஜுவுக்கும் தேனுக்கும் வெற்றிடம் தேவையில்லை. ஈரம் புகாமல் இருந்தால் போதும். அவற்றை அடைப்பவர்கள் எட்டாம் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

3. போத்தலின் வாயைப் பாருங்கள்

சூட்டில் அடைக்கும் ஜாம், ஊறுகாய்ப் போத்தல்களுக்கு அதிகம் பயன்படுவது நகமுள்ள முறுக்கு மூடி. கால் சுற்றிலேயே இறுகும். வாயின் வெளிப்புறத்தில் புரி முழுவதும் சுற்றி ஓடாமல், சரிந்த துண்டு துண்டாக நின்றால் அது இந்த இனம். எத்தனை துண்டோ அத்தனை நகம் மூடிக்கு வேண்டும். 63 மி.மீ. அளவில் அநேகமாக 4, 82 மி.மீ. அளவில் அநேகமாக 6. ஆனாலும் எண்ணுங்கள். புரி ஒரே கோடாகச் சுற்றி ஓடினால் அது வேறு இனம், நக மூடி அதில் பிடிக்காது.

63, 70, 82 என்பவை அந்த மூடிகளின் பெயரளவுகள். பழைய மூடி ஒன்றின் வெளிவிட்டத்தை அடிமட்டத்தால் அளந்து அதையே ஓடரில் எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. வெளிவிட்டம் பெயரளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். 63ஐ 66 என்று எழுதினால் 66 மூடிதான் வந்து சேரும். ஏனென்றால் அப்படியும் ஓர் அளவு உண்டு. எண்ணை எழுதுவதோடு நிற்காமல் போத்தலையும் அனுப்புங்கள்.

அனுப்பும் மாதிரிகளை ஒரே பெட்டியின் மேல் வரிசையிலிருந்து எடுக்க வேண்டாம். போத்தலின் அடியில் அல்லது அடிப்பக்க ஓரத்தில் சிறிய எண் ஒன்று இருக்கும். அநேகமாக அது வார்ப்பச்சின் எண். ஒவ்வோர் அச்சிலும் வாய் மயிரிழை வித்தியாசப்படும். வெவ்வேறு எண்ணுள்ள போத்தல்களைப் பொறுக்கி, வாயின் வெளிவிட்டத்தை இரு திசைகளில் அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் வாய் வட்டமாக இல்லை.

அடுத்தது உதடு, அதாவது வாயின் மேல் விளிம்பு. வொஷர் உட்காருவது அங்கேதான், புரியில் அல்ல. முகம் பார்க்கும் கண்ணாடியில் போத்தலைக் கவிழ்த்து வைத்து விரலால் மெல்லத் தட்டுங்கள். ஆடினால் உதடு சமமில்லை. பக்கத்தில் டோர்ச் பிடித்தால் இடைவெளி தெரியும். விரல் நகத்தை உதட்டின் மேல் ஓட்டினால் பொளிந்த இடம் தட்டுப்படும். வெளிப்புறம் கீறலாக இருந்தால் பரவாயில்லை, உதட்டில் பொளிவு என்றால் அந்தப் போத்தலுக்கு எந்த மூடியும் உதவாது. கடையில் பொறுக்கிய பழைய போத்தல்களில் இதுதான் தலையிடி.

4. தகடும் உட்பூச்சும்

மூடி பெரும்பாலும் டின்பிளேட்: மெல்லிய உருக்குத் தகட்டின் மேல் அதைவிட மெல்லிய வெள்ளீயப் பூச்சு. குரோமியப் பூச்சுத் தகடும் உண்டு. தடிப்பு பொதுவாக 0.15 முதல் 0.20 மி.மீ. வரை. தடித்த தகடு கூடுதலாக இறுகும் என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. பட்டன் உள்ளே அமிழ்வதற்கும் நகம் வளைந்து பிடிப்பதற்கும் தகடு கொஞ்சம் நெகிழ வேண்டும். தடிப்பைத் தொழிற்சாலையிடமே விட்டுவிடுங்கள்.

நீங்கள் விடக்கூடாதது உட்பூச்சு. தட்டைத் தகட்டுக்கு லேக்கர் பூசிச் சூளையில் காயவைத்த பிறகுதான் மூடியாக அழுத்துகிறார்கள். ஓரத்திலும் நகத்திலும் தகடு மடங்கும்போது பூச்சும் சேர்ந்து இழுபடும். பூச்சு மெல்லியதென்றால் அங்கே வெடிக்கும். தேசிக்காய் ஊறுகாயில் புளிப்பு, உப்பு, வினாகிரி ஆவி மூன்றும் சேர்ந்திருப்பதால் அந்த வெடிப்பு வழியாகக் கறள் ஏறும். ஆகவே ஓடரில் “புளிப்பும் உப்பும் உள்ள உணவு, இரட்டை உட்பூச்சு” என்று எழுதுங்கள். ஜாமுக்கு இவ்வளவு கடுமை வேண்டியதில்லை. இரண்டும் செய்பவர் ஊறுகாய்க்கு ஏற்ற மூடியையே இரண்டுக்கும் வாங்கலாம்.

வந்த மாதிரியைச் சோதிக்க: மயில்துத்தம் கரைத்த நீரை மூடியின் உட்பக்கத்தில் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். பூச்சு விட்ட இடத்தில் செம்பு படிந்து செம்மண் நிறப் புள்ளி தெரியும். வெட்டிய தகட்டின் ஓரம் சுருட்டி உள்ளே மறைக்கப்பட்டிருக்கும், அங்கே நிறம் வந்தால் பெரிய குறையல்ல. உணவுக்கு முகம் காட்டும் நடுப்பகுதியில் வந்தால் அந்தத் தொகுதி வேண்டாம். சோதித்த மூடியைக் கையோடு நசுக்கி எறியுங்கள்.

5. வொஷர்

காற்றை மறிப்பது உலோகமல்ல, உள்விளிம்பில் ஓடும் மென்மையான வளையம். தொழிற்சாலையில் இதைக் கம்பவுண்ட் என்பார்கள். கூழாக ஊற்றிச் சூட்டில் இறுகவைப்பது. சூடு பட்டால் இளகிக் கண்ணாடி உதட்டின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும், ஆறும்போது அந்தத் தடத்திலேயே இறுகும்.

இதிலிருந்து இரண்டு விடயம் வருகிறது. ஒன்று, மூடியைத் திரும்பப் பாவிக்கக் கூடாது. தடம் ஏற்கெனவே வேறொரு உதட்டுக்கு விழுந்துவிட்டது. கழுவினால் துப்புரவாகும், தடம் போகாது. மற்றது, நிரப்பும் சூட்டைத் தொழிற்சாலைக்குச் சொல்ல வேண்டும். 85 பாகையில் நிரப்பிவிட்டுக் கொதிநீரில் வைக்கப் போகிறீர்களா, ஆறிய பொருளைப் போடுகிறீர்களா என்பதைப் பொறுத்துக் கலவை மாறும்.

எண்ணெய் உணவுக்குத் தனியாகக் கேளுங்கள். வழக்கமான வளையம் பி.வி.சி. சார்ந்தது. அதை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருட்கள் எண்ணெயில் கரைந்து உணவுக்குள் போகும். ஐரோப்பிய விதியில் இப்படி உணவுக்கு மாறும் மொத்தப் பொருளுக்குக் கிலோவுக்கு 60 மி.கி. என்ற எல்லை உண்டு. சீனிச் சம்பல், எண்ணெயில் ஊறும் மாங்காய் என்றால் “எண்ணெய் உணவுக்கு உகந்த வளையம்” என்ற சொற்களை ஓடரில் எழுதி, அதற்கான சான்றிதழையும் வாங்கி வையுங்கள். நான் பார்த்தவரை அதிகம் தவறவிடப்படும் வரி இதுதான். கண்ணுக்குத் தெரிகிற குறை எதுவும் வராததால் யாரும் கேட்பதில்லை.

6. பட்டனும் அச்சும்

சூட்டில் அடைக்கிறவர் பட்டன் எடுக்க வேண்டும். வெற்றிடம் பிடித்தால் அமிழும், விட்டால் எழும்பும். மூடி பிடித்திருக்கிறது என்பதற்கு வாங்குகிறவருக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. கஜு, தேன் போத்தலுக்குப் பட்டன் எடுக்காதீர்கள். அது அமிழாமலே இருக்கும், கடைக்காரர் பழுது என்று திருப்பி அனுப்புவார்.

எழுத்தை மூடியின் தட்டையான நடுப்பகுதிக்குள் வையுங்கள். தட்டைத் தகட்டில் அச்சடித்துவிட்டுத்தான் அழுத்துவதால் ஓரத்து எழுத்துகள் இழுபட்டுக் கோணலாகும். பட்டனின் வளையக் கோட்டில் சின்னம் விழாமலும் பாருங்கள். காலாவதித் திகதியை மூடியில் முன்கூட்டியே அச்சடிக்க வேண்டாம்.

7. ஓடர் தாள்

இரண்டாம் பகுதியில் எழுதிய நான்கு விடயம், பெயரளவு, நக எண்ணிக்கை, உட்பூச்சு, வளையம், பட்டன், நிரப்பும் சூடு, கொதிநீரில் வைக்கும் நேரம். இதோடு போத்தல் மாதிரிகள். முதலில் கொஞ்ச மூடி மட்டும் கேட்டு எட்டு, ஒன்பதாம் பகுதிகளை முடித்த பிறகே மொத்த ஓடர். நிறத்துக்கும் சின்னத்துக்கும் குறைந்தபட்சத் தொகை கூடுதலாகக் கேட்பார்கள். தொடக்கத்தில் வெறும் பொன்னிற மூடியும் மேலே ஓர் ஒட்டுத்தாளும் போதும்.

8. நிரப்பி மூடும் வரிசை

நல்ல மூடியும் இங்கேதான் கெடும். ஆறும் வரைக்கும் மூடியைப் பிடித்து வைத்திருப்பது நகம் மட்டும்தான். அதற்குப் பிறகு பெரும் பிடி வெளிக்காற்றுடையது. சூட்டில் மூடும்போது உணவுக்கு மேலுள்ள வெளியில் நீராவி நிற்கிறது. ஆறியதும் அது தண்ணீராகி, அந்த இடம் வெறுமையாகிறது. நீராவியின் அழுத்தம் 85 பாகையில் சுமார் 58 கிலோபஸ்கால், 60 பாகையில் 20 மட்டுமே. வெளிக்காற்று 101. 85இல் மூடினால் மேல்வெளியில் பாதிக்கு மேல் நீராவியாக இருக்கலாம், 60இல் ஐந்தில் ஒன்று. 40 கிலோபஸ்கால் வெற்றிடம் பிடித்தால் 63 மி.மீ. வட்டத்தின் மேல் காற்று 12 கிலோ பாரத்துக்கு மேல் அழுத்தும். இவ்வளவு பிடியைக் கை முறுக்கால் கொடுக்க முடியாது.

“எல்லாத்தையும் நிரப்பிப் போட்டு மறுகா மூடுவம்” என்ற பேச்சு இந்தக் கணக்கைத்தான் குலைக்கிறது. முதல் போத்தல் 88 பாகையில் நிரம்பி, மூடி வரும்போது 65க்கு வந்திருக்கும். நிரப்புகிறவரும் மூடுகிறவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு போத்தல் நிரம்பியதும் ஒரு மூடி.

வரிசை இப்படி:

போத்தலைக் கழுவிச் சூடாக வைத்திருங்கள். குளிர்ந்த போத்தலில் கொதிக்கும் ஜாமை ஊற்றினால் வெடிக்கும். கண்ணாடிக்கும் உள்ளே போவதற்கும் 40 பாகைக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

மூடிகளைச் சூடான நீரில் சில நிமிடம் போட்டு வளையத்தை இளக்குங்கள். நெடுநேரம் கொதிக்க விட வேண்டாம்.

85 பாகைக்குக் குறையாமல் நிரப்புங்கள். சட்டியில் அளந்த சூட்டை நம்பாமல் போத்தலின் நடுவில் ஊசியை விட்டுப் பாருங்கள்.

மேலே ஜாமுக்கு 6 மி.மீ., ஊறுகாய்க்கு 12 மி.மீ. அளவில் இடம் விடுங்கள். குறைத்தால் உணவு பொங்கி உதட்டுக்கு வரும், கூட்டினால் காற்று மிஞ்சும். கத்தியை உள்விளிம்பில் ஒருமுறை ஓட்டிக் குமிழியை வெளியே எடுங்கள். காய்த் துண்டுகளுக்கு இடையில் நிறையக் காற்று ஒளிந்திருக்கும்.

உதட்டைச் சுத்தமான ஈரத் துணியால் துடையுங்கள். ஒரு மிளகாய் விதை, ஒரு சீனிக் கட்டி போதும் காற்று போக.

மூடியை நேராக வைத்து, கை விரலின் சாதாரணப் பலத்தில் முறுக்குங்கள். எல்லா நகமும் புரிக்குக் கீழே போயிருக்க வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்து நின்றால் கழற்றித் திரும்பப் போடுங்கள். பலசாலி முறுக்கினால் நகம் புரியைத் தாண்டி வழுக்கும், அல்லது உதடு வளையத்தை வெட்டித் தகட்டில் முட்டும்.

கொதிநீரில், மூடிக்கு மேல் இரண்டரை சென்டிமீற்றர் தண்ணீர் நிற்க, செய்முறை சொல்லும் நேரம் வையுங்கள். சிறிய போத்தல் ஜாமுக்கும் ஊறுகாய்க்கும் 10 நிமிடம் வழக்கம். நாம் கடல்மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், மலைநாட்டுச் செய்முறையில் நேரம் கூடுதலாக இருப்பது அதனால். ஆறிய ஊறுகாயை இறுக்கி மூடிவிட்டுக் கொதிக்க வைக்காதீர்கள். உள்ளழுத்தம் ஏறி மூடியைத் தூக்கும், பட்டனைப் பழுதாக்கும்.

எடுத்து மரப்பலகையில் அல்லது துணியில் நிமிர்த்தி வையுங்கள், காற்றாடிக்கு நேரே வேண்டாம். “டிக்” என்ற சத்தத்தோடு பட்டன் அமிழும். ஆறிய பிறகு மூடியைத் திரும்ப முறுக்குவது பலருக்கும் பழக்கம். அதை நிறுத்த வேண்டும். வளையத்தில் விழுந்த தடம் அந்த அசைவிலேயே உதட்டை விட்டு நகரும்.

9. சோதனை

மறுநாள் பட்டனை அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அந்தப் போத்தல் விற்பனைக்கு இல்லை.

இறுக்கச் சோதனைக்கு ஒரு போத்தலைப் பலி கொடுக்க வேண்டும். மூடியின் பக்கத்திலிருந்து கண்ணாடிக் கழுத்து வரை நேர்கோடு ஒன்று கீறுங்கள். மூடியைத் திறந்து வெற்றிடத்தை விட்டபின், வளையம் உதட்டில் தொடும் வரை மட்டும் மெல்ல மூடுங்கள். மூடியின் கோடு கண்ணாடிக் கோட்டுக்கு வலப்பக்கத்தில் சில மி.மீ. தள்ளி நின்றால் நகத்தில் இன்னும் பிடி இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வந்தாலோ இடப்பக்கம் தாண்டினாலோ நகம் தளர்ந்துவிட்டது. பயணத்தில் குலுங்கினால் கழலக்கூடும். கொழும்புக்குப் பஸ்ஸில் அனுப்புகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

சிறிய ஒழுக்கைப் பிடிக்க, உணவுச் சாயம் கலந்த நீரில் போத்தலைக் கவிழ்த்து ஓர் இரவு விடுங்கள். வெற்றிடம் உள்ள போத்தலில் ஒழுக்கு இருந்தால் நிறத்தை உள்ளே இழுக்கும். வெற்றிடம் இல்லாத கஜுப் போத்தலை வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துங்கள், குமிழி வரும் இடம் ஒழுகும் இடம். ஒவ்வொரு தொகுதியிலும் சில போத்தல்களை இரண்டு கிழமை வெளியே வைத்துப் பார்த்த பிறகு மிச்சத்தைக் கடைக்கு அனுப்புங்கள்.

10. கறள்

கடலும் வாவியும் இரு பக்கமும் உள்ள எழுவான்கரை ஊர்களில் உப்புக் காற்று மூடியைச் சும்மா விடாது. பூச்சு இல்லாத வெட்டு ஓரம் கீழ்விளிம்பின் சுருளுக்குள் இருக்கிறது, கறள் அங்கிருந்துதான் தொடங்கும். கொதிநீரிலிருந்து எடுத்த போத்தலில் மூடிக்கும் கழுத்துக்கும் இடையில் தண்ணீர் தேங்கும். ஆறிய பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, காற்றாடிக்குக் கீழே முழுதாகக் காயவிடுங்கள். அதற்குமுன் கழுத்தில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். கடையில் அந்த உறையை உரிக்கும்போது சிவப்பு வளையம் தெரியும்.

பாவிக்காத மூடிகளை அவற்றின் உள்ளுறையைக் கட்டி, சீமெந்துத் தரையில் படாமல் தட்டில் வையுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்தால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். மாரி தொடங்குமுன் வாங்கி மாரி முடியும் வரை திறந்து கிடந்த பெட்டியை நிரப்புவதற்கு எடுக்குமுன், சில மூடிகளின் சுருளை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பழுப்புத் தூள் வந்தால் அந்தப் பெட்டியைத் தனியே ஒதுக்குங்கள். மூடித் தொகுதி எண்ணை நிரப்பிய திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முறைப்பாடு வந்தால் எந்தப் பெட்டி மூடி என்று அப்போதுதான் தேடிப் பிடிக்கலாம்.